டீச்சர் வீட்டுக்காரர்

எனக்கு வாய்த்த வேலை தப்புக் கண்டுபிடிப்பது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளை வாங்கி, அது எங்கே இடறும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எழுதியவர் ‘இந்த இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொன்னால் அங்கேதான் முதலில் பார்ப்பேன். இந்தக் குணம் வேலையால் வந்ததா, பிறப்பிலேயே வந்ததா என்று சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்துக்கு வடுகபட்டியில் வெள்ளைப்பூண்டு வியாபாரம். சந்தைக்கு வரும் மூட்டையில் மேலே கிடக்கும் பூண்டை எங்கள் வீட்டு ஆட்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். நான் பூண்டுக்குப் போகாமல் கம்ப்யூட்டருக்குப் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனி நாட்டின் எந்த ஊரிலிருந்தும் வேலை பார்க்கலாம். ஆனால் எந்த ஊர், எந்த வீடு என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த முகவரியை ஒரு வருடத்துக்கு மாற்றக் கூடாது. கொடுக்காதவர்கள் தினமும் பெங்களூரு ஆபீசுக்கு வர வேண்டும். கூட வேலை பார்ப்பவர்கள் கேக் வெட்டினார்கள். நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்து, இதில் என்ன உள்குத்து இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

என் நிலைமையில் வேறு எவனாவது இருந்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பான். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. நான்கு வருடங்களுக்கு முன்னால் வேலை கிடைத்து, சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் போட்டார்கள். அப்போது ஆறு வயதாக இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு அவள் சின்னமனூருக்குக் குடி வந்துவிட்டாள். நான் பெங்களூருவில் ஓர் ஒற்றை அறைக்கு மாறிக்கொண்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வடுகபட்டியில் என் அண்ணன் வீட்டில் கூடுவோம். கோடை விடுமுறைக்கு அவர்கள் பெங்களூரு வருவார்கள். சின்னமனூர் வீட்டுக்கு நான் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏறிவிடுவேன்.

அது சின்ன வீடு. ஓர் அறை, ஓர் அடுக்களை, பின்னால் துணி துவைக்கும் கல். அம்மாவும் மகளும் இருக்கப் போதும். அங்கே உட்கார்ந்து நான் வேலை பார்ப்பது நடக்காத காரியம் என்று எனக்குப் பட்டதால், மூன்று பேருக்கும் சேர்த்து வேறு வீடு பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுப் பெரிய பையோடு வந்து இறங்கினேன். வீடு அமைந்தால் குடும்பத்தோடு இருக்கலாம். அமையாவிட்டால் திரும்பவும் அதே பஸ், அதே ஒற்றை அறை. இப்போது விட்டால் மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை இப்படித்தான் ஓடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வந்த அன்றைக்கே மனைவி கேட்டாள். “அங்கன ரூமக் காலி பண்ணியாச்சா?”

“பண்ணியாச்சு” என்றேன்.

முதலில் பார்த்த வீடு தேனியில், அல்லிநகரத்தில். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மாடி. வெளியிலிருந்து தனிப் படி, இரண்டு அறை, இன்டர்நெட் கேபிள் வாசல் வரை வந்திருந்தது. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, எங்களுக்குக் காபி கொடுத்து, விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். வீட்டைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். எதற்காக ஞாயிற்றுக்கிழமைதான் வர வேண்டும் என்று வற்புறுத்தினார் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். பின்சுவரை ஒட்டி ஒரு மில், மிளகாய் வற்றல் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மாடிப் படி ஏறுவதற்குள் எட்டுத் தும்மல் போட்டேன்.

“அது பகல்ல மட்டும்தான் தம்பி. சாயங்காலம் ஆறு மணியானா நிப்பாட்டிருவாக” என்றார் வீட்டுக்காரர், கொஞ்சமும் அசராமல்.

எனக்கு வேலையே பகலில்தான். ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, “மில்லு இல்லாட்டியும் அந்த வீடு வேணாம்ங்க. படி வெளிய இருக்கு” என்றாள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது வீடு சின்னமனூரிலேயே இருந்தது, ஒரு புரோக்கர் காட்டினார். புது வீடு. இதுவும் மாடிதான். காலை, மத்தியானம், சாயங்காலம், பவர் கட் நேரம் என்று நான்கு தடவை போய்ப் பார்த்தேன். சுவரைத் தட்டினேன். தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். இஸ்திரிக்காரரிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி நல்லபடியாகச் சொன்னதால், புரோக்கர் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாரோ என்று மூன்றாவதாகப் பால்காரரையும் கேட்டேன். கடைசியில் எனக்கே அலுத்துப் போய், சரி, இந்த வீடுதான் என்று முடிவு செய்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “படி வெளிய இருக்கே” என்றாள்.

“இருந்தா என்ன?”

“மழ பேஞ்சா நனையணும்.”

“இங்க வருஷத்துல எத்தனை நாள் மழை பெய்யுது? காத்துதான அடிக்குது?”

“அப்பக் காத்துன்னு வச்சுக்கங்க. ஆடி மாசம் அந்தப் படியில நின்னு பாருங்க, தூக்கிட்டுப் போயிரும்.”

கேட்கக் கேட்கக் காரணத்தை மாற்றும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். என் வேலையில் தினமும் அவர்களோடுதான் மல்லுக்கட்டுகிறேன். சொல்லும் காரணம் மாறினால் நிஜக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து புரோக்கரை விட்டுவிட்டு என் மனைவியைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த பிறகு எல்லாமே பொருந்தி வந்தது. என் துண்டை அவள் தனிக் கொடியில் காயப் போட்டாள். மகள் தலை பின்னுவதற்கும் கணக்குக் கேட்பதற்கும் அம்மாவிடம்தான் போனாள். இரண்டு பேரும் பாதிப் பாதி வார்த்தையில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள், எனக்கு விளங்கவில்லை. ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் பாய். நடுவில் நான் எங்கே நின்றாலும் யாராவது ஒருவர், “கொஞ்சம் தள்ளிக்கங்க” என்றார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ மகள் கேட்டாள். “எப்பப்பா ஊருக்குப் போறீக?”

பத்து வயதுப் பிள்ளைக்குத் தானாக இந்தக் கேள்வி வருமா, யாராவது கேட்கச் சொல்லியிருப்பார்களா என்று அன்று முழுக்க யோசித்தேன். நான் இல்லாமல் இந்த வீடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்கு வலித்தது. இவர்களுக்கு நான் வருவதில் இஷ்டமில்லை, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் படி, மழை, காற்று என்று சுற்றி வளைக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். வந்த பிறகும் அதை அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மூன்றாவது வீட்டை அவளுக்குத் தெரியாமல் பார்க்கப் போனேன். மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவள் வேலை பார்க்கும் கிராமத்திலேயே, பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. மாடி கிடையாது. படியைப் பற்றி அவளால் வாயைத் திறக்க முடியாது. பின்பக்கம் தனியாக ஓர் அறை கட்டியிருந்தார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கலாம். கேபிள் மட்டும் இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. போன் சிக்னலில்தான் ஓட்ட வேண்டும். வீட்டுக்காரர் கம்பத்தில் இருந்தார். “சிக்னல் சூப்பரா இருக்கும் சார்” என்று போனில் சொன்னார். சூப்பர் என்று சொன்னதுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அங்கே போய் நான் செய்த காரியம் இதுதான். போனில் வேகம் பார்க்கும் ஆப் ஒன்றை ஓடவிட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்தேன். சிக்னல் குறைவது வீட்டின் கோளாறா, தெருவின் கோளாறா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் தெருவிலும் நடந்தேன். பத்தடிக்கு ஒரு தடவை நின்று, வந்த எண்ணை அந்தந்த இடத்துச் சுவரில் குறித்தேன். நோட்டு கொண்டு போகவில்லை. சட்டைப் பையில் மகள் போட்டு வைத்த ஒரு சாக்பீஸ் இருந்தது. ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் 18. அடுத்த வீட்டில் 22. கரண்டு கம்பத்தில் 15. தெருக்கோடி வீட்டில் ஏனோ 6தான் வந்தது. சந்தேகப்பட்டு அங்கே இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் 6. அடியில் ஒரு கோடு போட்டேன்.

அந்த வருடம் அந்தப் பக்கம் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

நிமிர்ந்து பார்த்தபோது தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கூட வந்திருந்தார். 22 எழுதிய வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எங்க வீட்டுல இருபத்திரெண்டு அடி எடுக்கிறீகளோ?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“வீடே மொத்தம் முப்பதடிதான்ய்யா. இருபத்திரெண்ட எடுத்துட்டா நாங்க எங்கன போயிப் படுக்க? அடுப்படியிலயா?”

18 எழுதிய வீட்டு அம்மா குறுக்கே வந்தார். “அதெப்படி, எங்களுக்குப் பதினெட்டு, கடேசி வீட்டுக்கு மட்டும் ஆறு? ரோடு என்ன பாம்பு மாதிரியா வளைஞ்சு போகுது?”

எல்லோரும் 6 எழுதிய வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதுவரை நிம்மதியாகத்தான் நின்றுகொண்டிருந்தார். “எனக்கென்ன தெரியும்? கோடு போட்டவுகளத்தான் கேக்கணும்” என்றார்.

“உனக்குத் தெரியாமயா? ஆறுக்கு அடியில கோடு வேற போட்டு உறுதி பண்ணிருக்காக! முன்னாடியே ஆளப் பிடிச்சுட்ட நீ.”

அவர்களுக்குள் சண்டை மூண்டது. எனக்கு அதிக எண் நல்ல எண், அவர்களுக்கு அதிக எண் கெட்ட எண். இது சிக்னல், போன் வேகம், நான் வீடு பார்க்க வந்தவன் என்று கத்திச் சொன்னேன். தேங்காய் உரித்தவர் நிதானமாகக் கேட்டார்.

“எந்த ஆபீசு நீங்க?”

“எந்த ஆபீசும் இல்ல. வீட்டுல இருந்து வேலை பாக்கிறேன்.”

“ஆபீசே இல்லாம அளக்க வந்துருக்காகளாம்” என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார்.

வேறு வழியில்லாமல், இங்கே ஐந்தாம் வகுப்பு எடுக்கும் டீச்சருடைய வீட்டுக்காரர் நான் என்று சொன்னேன். சொன்னால் உடனே நாற்காலி போடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. 18-ஆம் எண் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த டீச்சருக்கு வீட்டுக்காரரு இருக்காரா?”

“இருக்காரு. துபாயில” என்றார் ஒருவர்.

“இல்லப்பா, அவரு போயிச் சேந்துட்டாருன்னுல்ல சொன்னாக.”

“பொட்டு வச்சிருக்காகள்ல?”

“பொட்டு இப்ப எல்லாரும்தான் வைக்கிறாக.”

என்னை வைத்துக்கொண்டே, நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்று பேசினார்கள். பொய் சொல்கிறவனை எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தார்கள். நான்கு வருடமாக அவள் தினமும் வந்து போகும் ஊர். அவள் ஸ்கூட்டர் எண்கூட அவர்களுக்குத் தெரியும். அவள் புருஷன் முகம் ஒருவருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கு ஆள் போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் அவள் உடனே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். வண்டியை நிறுத்திவிட்டுச் சுவர் சுவராகப் பார்த்தாள். 18, 22, 6. அப்புறம் என் கையிலிருந்த சாக்பீசைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது.

“டீச்சர், இவரு உங்க வீட்டுக்காரருன்னு சொல்றாரு. நெசந்தானா?” என்றார் 22.

அவள் என்னைப் பார்த்தாள். ‘ஆமா’ என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

“ஆமாண்ணே. எங்க வீட்டுக்காரருதான். ரோட்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்ல. எழுதுனத அவரே அழிச்சுக் குடுத்துருவாரு.”

ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் கொடுத்தார்கள். தெரு முழுக்க அழித்தேன். 22-ஐ முதலில் அழிக்க வேண்டும் என்று அவர் கூடவே நின்றார். 6-ஐ அழிக்க அந்த வீட்டுக்காரர் விடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலம் மகள் டியூஷனுக்குப் போன பிறகு மனைவியிடம் கேட்டேன்.

“நான் உன் வீட்டுக்காரன்னு சொல்றதுக்கு உனக்கு அவ்வளவு யோசனையா?”

அவள் எழுந்து போய், அடுக்களையில் பருப்பு டப்பாவைத் திறந்து, ஒரு சாவியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பெங்களூரு அறையின் சாவி.

“வந்த மறுநாளு உங்க பையில இருந்த துணியத் தொவைக்க எடுத்தேன். உங்க வீட்டுல எல்லாரும் மூட்டைக்கு அடியில கை விட்டுப் பாப்பீகள்ல. நானும் விட்டுப் பாத்தேன்” என்றாள்.

நான் அந்த அறையைக் காலி செய்யவில்லை. கூட வேலை பார்ப்பவன் ஒருவனை அதில் இருக்கச் சொல்லிவிட்டு, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருவேன் என்று ஒரு சாவியை நானே வைத்துக்கொண்டேன். கம்பெனி நாளைக்கே பேச்சை மாற்றலாம், கரண்டு நிற்கலாம், சிக்னல் போகலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லியிருந்தேன். கேட்கக் கேட்க மாறும் காரணங்கள். நிஜத்தில், இவர்களோடு என்னால் இருக்க முடியுமா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

“படி வெளிய இருந்தா நீங்க பாட்டுக்கு மேலயே இருந்துக்கிருவீக. ஒரு நாளு பையத் தூக்கிட்டு அப்படியே எறங்கிப் போயிருவீக, எங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது” என்றாள். “பாப்பாட்ட அப்பா இங்கனயே இருக்கப் போறாருன்னு நான் சொல்லல. சொல்லிட்டு நீங்க போயிட்டா அவ என்னையத்தான கேப்பா?”

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் அவள் விடாமல் பேசினாள்.

“வேற வீடெல்லாம் இப்ப வேணாம். இங்கனயே இருங்க. பகல்ல நாங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போயிருறோம், இந்த வீட்டுல யாரு இருக்கா? உக்காந்து வேலையப் பாருங்க. ஊரு உங்க மூஞ்சியப் பாக்கட்டும் மொதல்ல.”

இரண்டு வாரமாக ஊர் ஊராகச் சுவரைத் தட்டிப் பார்த்தவனுக்கு, பகல் முழுவதும் அந்த வீடு காலியாகத்தான் கிடக்கிறது என்பது தோன்றவில்லை. அந்தச் சின்ன வீட்டின் முகவரியைக் கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். சாவியை அவள் காலண்டர் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாள். “ஒளிச்சு வைக்க வேணாம். போறதுன்னா சொல்லிட்டு, எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

தையல் மெஷினை மூடி அதன் மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். சாயங்காலம் மகளைக் கூட்டி வரப் போனேன். பால்காரர், இஸ்திரிக்காரர் எல்லோருக்கும் பழகிப் போனேன். மனைவியின் பள்ளிக்கு ஒரு நாள் டிபன் கொண்டுபோனபோது அந்த 22-ஆம் எண் வீட்டுக்காரர் வழியில் நிறுத்தி, “என்ன டீச்சர் வீட்டுக்காரரே, சாக்பீஸ் இருக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்.

எட்டு மாதம் கழித்து, பெங்களூரு அறையில் இருந்தவன் போன் செய்தான். வேறு இடம் போகிறானாம், அறையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேனா என்று கேட்டான். வேண்டாம், விட்டுவிடு என்றேன். இந்தச் சாவியை அவனுக்கு அனுப்பிவிடலாம் என்று ஆணியில் பார்த்தேன். காலண்டர் மட்டும் தொங்கியது. கீழே தேடினேன், பருப்பு டப்பாவில் தேடினேன், இல்லை.

பள்ளியிலிருந்து வந்த மனைவியிடம், “அந்தச் சாவி எங்கே?” என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “எதுக்கு?”

“அவன் ரூமைக் காலி பண்றான். அனுப்பிடலாம்னு.”

நோட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து, தன் கைப்பையில் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து சாவியை எடுத்தாள்.

“ஆணியில மாட்டிட்டு ஒரு வாரந்தான் தாக்குப் பிடிச்சேன். ஸ்கூல்ல மனசு நிக்கல. அதான் தெனமும் கையோட கொண்டு போயிட்டேன்” என்றாள். “நீங்க ஒரு நாளாவது சாவியக் காணோம்னு தேடுறீகளான்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

எட்டு மாதம் அந்த ஆணிக்கு நேர் எதிரில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். சாவி இல்லாததை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் சின்னமனூர் கூரியர் ஆபீசுக்குச் சாவியைக் கொண்டுபோனேன். நான் போகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் அவளும் வந்தாள். ரசீதை அவளே வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.